இலகுரகக் கவச வாகன டரட்டுகளை ஒப்பிடுவது எப்படி: கொங்குப் பட்டறையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோயம்புத்தூரும் சேலமும் அடங்கும். பம்புக்கும் நூற்பாலை எந்திரத்துக்கும் உதிரிபாகம் கடைந்துவந்த பட்டறை உரிமையாளர்கள், கவச வாகனப் பாகங்களுக்கு விலைப்புள்ளி கொடுப்பதைப் பற்றி இன்று யோசிக்கிறார்கள். கண்காட்சிகளுக்குப் போய்வருபவர்கள் டரட் (வண்டியின் கூரையில் துப்பாக்கியைத் தாங்கிச் சுழலும் அமைப்பு) தயாரிப்பாளர்களின் விளக்கக் கையேடுகளோடு திரும்புகிறார்கள். அந்தக் கையேடுகளில் துப்பாக்கிக் குழலின் துளை அளவு பெரிய எழுத்தில் இருக்கும். ஒப்பிடுவதற்கு வேண்டிய மற்றவையெல்லாம் அடிக்குறிப்பில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இரண்டு மூன்று கையேடுகளை அருகருகே விரித்து வைத்துக்கொண்டு எதை முதலில் பார்ப்பது என்று திகைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டரட்டுகளை ஒப்பிட நீங்கள் போடும் அட்டவணைத் தாளில் குழல் அளவுக்கான பத்தியைக் கடைசியில் நிரப்ப வேண்டும் என்பதே என் முதல் பரிந்துரை.

கையேட்டைத் திறப்பதற்கு முன், எந்த வண்டியில் டரட் ஏறப்போகிறதோ அந்த வண்டிக்கு ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியின் மொத்த எடை வரம்பு, அதில் கவசமும் ஆட்களும் எரிபொருளும் போக மிஞ்சும் எடை, கூரையில் வெட்டக்கூடிய வளையத்தின் விட்டம், மின்சார அமைப்பு தாங்கும் சுமை, உள்ளே உட்கார வேண்டிய வீரர்களின் எண்ணிக்கை ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி கட்டுபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: ஒரே எடையைச் சேஸிஸ் மட்டத்தில் வைப்பதும் அதற்கு மேலே ஏற்றி வைப்பதும் வளைவில் ஒன்றல்ல. எட்டுச் சக்கர வண்டியின் கூரையில் ஒன்றிரண்டு டன் ஏறும்போது ஈர்ப்பு மையம் உயர்கிறது, பக்கச் சரிவில் வண்டி நிற்கும் திறன் குறைகிறது, முன் அச்சின் சுமைக் கணக்கும் மாறுகிறது.

அடுத்து, எடைகளை ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கையேட்டில் தரப்படும் எடை வெறும் டரட்டின் எடையாக இருக்கும். இன்னொன்றில் குண்டுகளையும் சேர்த்திருப்பார்கள். மூன்றாவதில் கூடுதல் கவசத் தகடுகளைக் கழித்திருப்பார்கள். குண்டுகள் மட்டும் எவ்வளவு என்று பார்ப்போம். ரஷ்ய வழிவந்த காலாட்படைக் கவச வண்டியான பி.எம்.பி.-2இன் 30 மி.மீ. வெடிகுண்டு ஒன்று ஏறத்தாழ 840 கிராம் எடையுள்ளது. அந்த வண்டி சுமக்கும் 500 குண்டுகளுக்கு, கோத்திருக்கும் இணைப்புகளைச் சேர்க்காமலேயே, சுமார் 420 கிலோ ஆகிறது. இதைச் சேர்த்த டரட்டையும் சேர்க்காத டரட்டையும் ஒப்பிட்டு ‘இது இலகுவானது’ என்று முடிவு கட்டுவதில் பொருளில்லை. ஆகவே குண்டு, கவசம், ஏவுகணை, பார்வைக் கருவிகள், இருந்தால் டரட்டின் கீழே வண்டிக்குள் தொங்கும் உள்கூடை ஆகிய அனைத்தும் ஏற்றப்பட்ட ‘போருக்குத் தயார்’ எடையைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

துப்பாக்கிக்கு வருவோம். ‘30 மி.மீ.’ என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் குண்டு ஒன்றல்ல. ரஷ்ய வழிவந்த 2ஏ42, 2ஏ72 துப்பாக்கிகள் 30×165 (30 மி.மீ. விட்டம், 165 மி.மீ. நீள உறை) வகைக் குண்டையும், அமெரிக்க புஷ்மாஸ்டர் 2, ஜெர்மன் எம்.கே.30-2 ஆகியவை 30×173 வகைக் குண்டையும் பயன்படுத்துகின்றன. ஒன்றை மற்றொன்றில் போட முடியாது. இந்தியாவில், தெலங்கானாவின் மேடக் தொழிற்சாலையில் தயாராகும் பி.எம்.பி.-2 வண்டிகள் 30×165 வகையைச் சேர்ந்தவை. 2020 ஜூனில் அதே வகையில் மேலும் 156 வண்டிகளுக்குச் சுமார் 1,094 கோடி ரூபாய்க்கு ஆணை கொடுக்கப்பட்டது. புதிய டரட் வேறு குண்டைக் கேட்குமானால், அந்தக் குண்டின் தயாரிப்பும் கிடங்கும் பயிற்சியும் விலையில் சேர வேண்டும்.

இயங்கும் முறையும் முக்கியம். 2ஏ42 வெடிவாயுவால் இயங்குவது, 115 கிலோ. 2ஏ72 குழலே பின்னோக்கி நகரும் நீள்பின்னுதைப்பு முறையில் இயங்குவது, 84 கிலோ. புஷ்மாஸ்டர் குடும்பத்தை மின்மோட்டார் ஒரு சங்கிலி வழியாக ஓட்டுகிறது. வெடிக்காத குண்டு வந்தாலும் மோட்டார் அதை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததை ஏற்றும், ஆனால் மின்சாரம் நின்றால் துப்பாக்கியும் நிற்கும். பிரிட்டிஷ்–பிரெஞ்சு கூட்டு உருவாக்கமான 40 மி.மீ. சி.டி.40 துப்பாக்கியில் குண்டு முழுவதும் உறைக்குள் அடங்கியிருக்கும். அறை மட்டும் சுழன்று பக்கவாட்டில் குண்டை வாங்கிக்கொள்வதால் டரட்டின் உள்ளே இடம் மிச்சமாகிறது. ஒரே துப்பாக்கி வெவ்வேறு டரட்டில் வெவ்வேறு கதையாகும் என்பதற்கும் இதுவே சான்று: பிரான்சின் ஜாகுவார் வண்டியில் அது பணியில் இருக்கிறது, அதே துப்பாக்கியைப் பொருத்தும் பிரிட்டனின் வாரியர் வண்டி மேம்பாட்டுத் திட்டமோ பல ஆண்டுகள் நடந்தபின் 2021இல் கைவிடப்பட்டது.

தயார்நிலைக் குண்டுகளின் எண்ணிக்கையைத் தனியாக எழுதுங்கள். வண்டியில் உள்ள மொத்தக் குண்டுகளின் எண்ணிக்கை கண்ணை ஏமாற்றும். அமெரிக்க பிராட்லி 25 மி.மீ. குண்டுகள் 900 சுமக்கிறது, ஆனால் சுடத் தயாராக இருப்பவை 300. ஜெர்மன் பூமாவில் 30 மி.மீ. குண்டுகள் 200 தயாராக இருக்கின்றன. நார்வே நிறுவனமான காங்ஸ்பெர்க்கின் எம்.சி.டி.-30 ஆளில்லா டரட்டில், இரண்டு வகைக் குண்டுக்கும் 75 வீதம், 150. சுவீடனின் 40 மி.மீ. சி.வி.90இல் பெட்டியில் 24 மட்டுமே. ஆனால் 40 மி.மீ. குண்டு ஒன்று செய்யும் வேலையும் கூடுதல் என்பதால் அந்த 24ஐ மற்றவற்றோடு நேராக நிறுத்திக் கழிக்கக் கூடாது. எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி, தீர்ந்தபின் நிரப்புவது எப்படி என்பது. கவசத்துக்குள் இருந்தபடியே நிரப்ப முடியுமா, இல்லை ஒரு வீரர் கூரைமேல் ஏற வேண்டுமா? நின்ற கண்காட்சி வண்டியில் இதை யாரும் செய்து காட்டமாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

குழல் எவ்வளவு மேலே உயரும், எவ்வளவு கீழே தாழும் என்ற இரண்டு கோணங்களில் மேல்கோணத்தைத்தான் கையேடுகள் பெருமையாகச் சொல்கின்றன. மலையிலும் தெருச்சண்டையிலும் அது உயிர்காக்கும் என்பது உண்மை. 1994–95இல் செச்சினியாவின் தலைநகர் குரோஸ்னியில் மேல்மாடிகளில் இருந்து தாக்கியவர்களை ரஷ்ய டாங்கிக் குழல்களால் எட்ட முடியாமல் போனது. பி.எம்.பி.-2இன் குழல் 74 பாகை வரை உயரும். ஆனால் அது கீழே தாழ்வது 5 பாகை மட்டுமே. ஏழு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் மேட்டின் பின்சரிவில் வண்டி மறைந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சரிவு ஏறத்தாழ 8 பாகை. வண்டியின் மூக்கு அந்த அளவுக்கு மேல்நோக்கி இருப்பதால், எதிரே சமதளத்தைச் சுட வேண்டுமானால் குழல் 8 பாகை தாழ வேண்டும். 10 பாகை தாழும் பூமா டரட்டை மட்டும் வெளியே காட்டி அங்கிருந்தே சுடும். 5 பாகை தாழும் வண்டியோ மேட்டின் உச்சிக்கு முன்னேறி உடம்பையும் காட்டியாக வேண்டும். பின்பக்கமாகவும் பக்கவாட்டிலும் சுழலும்போது இந்தக் கோணம் குறைகிறதா என்றும் விசாரியுங்கள், ஏனெனில் வண்டியின் கூரை அமைப்பு பல டரட்டுகளில் குறுக்கே நிற்கும்.

நம் பகுதிப் பட்டறைகளுக்கு மிகவும் நெருக்கமான இடம் சுழற்சி இயக்கம். டரட் வளையமும் அதைச் சுழற்றும் சிறு சக்கரமான பினியனும் பல்சக்கர வேலை. பேக்லாஷ், அதாவது பற்களுக்கு இடையிலான தளர்வு, என்றால் என்ன என்று கோவை கணபதியில் எந்த மில்லிங் ஆபரேட்டரைக் கேட்டாலும் சொல்வார். பல்வட்டத்தின் ஆரம் 600 மி.மீ. என்று கொள்வோம். பினியனைப் பூட்டிவிட்டு, அந்த ஆரத்தில் டயல் கேஜின் முனையைச் சாய்வில்லாமல் வைத்து, டரட்டை இருபுறமும் மெதுவாக அசைத்தால் முள் நகரும் தூரமே உங்கள் எண். முள் 0.1 மி.மீ. நகர்ந்தால், 1,500 மீட்டர் தொலைவில் குறி 25 சென்டிமீட்டர் விலகும். 0.4 மி.மீ. நகர்ந்தால் விலகல் ஒரு மீட்டர் ஆகிவிடும். நேட்டோ சோதனை இலக்கின் பக்கமோ 2.3 மீட்டர்தான். ஒரே இடத்தில் அளந்து நிறுத்திவிடாமல், வளையத்தைச் சுற்றிலும் 45 பாகைக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். பற்றவைப்பில் கூரைத் தகடு இழுத்திருந்தால் ஒரு பக்கம் இறுகியும் எதிர்ப்பக்கம் தளர்ந்தும் இருப்பது அப்போதுதான் தெரியும். காலையில் அளந்ததை மதிய வெயிலில் நின்ற வண்டியில் மறுபடி அளப்பதும் வீண் வேலையல்ல. குழல் மேலும் கீழும் அசையும் அச்சிலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். இரண்டு பினியன்களை எதிரெதிராக இழுக்கவிட்டு இந்தத் தளர்வைக் கொல்லும் டரட்டுக்கும், ஒற்றைப் பினியன் டரட்டுக்கும் கையேட்டில் ஒரே ‘இரு அச்சு நிலைப்படுத்தல்’ (வண்டி ஆடினாலும் குழலை இலக்கிலேயே நிறுத்துவது) என்ற சொல்தான் இருக்கும். இந்த நுட்பம் வெகுதொலைவிலும் இல்லை: இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்குமான 12.7 மி.மீ. நிலைப்படுத்தப்பட்ட தொலைக்கட்டுப்பாட்டுத் துப்பாக்கி திருச்சித் தொழிற்சாலையில் தயாராகிறது.

ஆள் உட்காரும் டரட்டா, ஆளில்லா டரட்டா என்ற விவாதத்தில் நான் வண்டியைப் பார்த்தே பக்கம் எடுப்பேன். ஆளில்லா டரட்டில் மனிதரைக் காக்கும் கனத்த கவசம் மேலே வேண்டியதில்லை என்பதால் எடை குறைகிறது, குண்டுப்பெட்டி ஆட்களிடமிருந்து பிரிகிறது. கூரைக்குக் கீழே இறங்காத வடிவமானால் வீரர்களின் இருக்கைகளும் மிஞ்சுகின்றன. ஆனால் தளபதி தலையை வெளியே நீட்டிச் சுற்றிப் பார்க்கும் வசதி குறைகிறது, துப்பாக்கி அடைத்துக்கொண்டால் கைக்கு எட்டாது, ஒரு சிதறல் கேமராவை உடைத்தால் அந்தத் திசை இருட்டாகிவிடும். மிஞ்சும் எடை குறைவாக உள்ள சக்கர வண்டிக்கு ஆளில்லா டரட் பொருந்தும். உளவு வண்டிக்கு, என் கணிப்பில், ஜாகுவாரில் உள்ளதுபோல் இருவர் உட்காரும் டரட்டே இன்னும் மேல்.

பாதுகாப்பு நிலையை ஒப்பிட, கவச வண்டிகளுக்கான நேட்டோவின் ஸ்டானக் 4569 தரநிலை உதவும்: 4ஆம் நிலை 200 மீட்டரிலிருந்து வரும் 14.5 மி.மீ. கவசத்துளைப்பு ரவையையும், 5ஆம் நிலை 500 மீட்டரிலிருந்து வரும் 25 மி.மீ. குண்டையும் தாங்க வேண்டும். கையேட்டில் உள்ள நிலை டரட்டுக்கா, வண்டியின் உடலுக்கா என்று மட்டும் பிரித்துக் கேளுங்கள்.

பெரிய குழல் உண்மையிலேயே தேவைப்படும் இடமும் உண்டு. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வும் எல் அண்டு டியும் சேர்ந்து உருவாக்கி 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் காட்டிய 25 டன் ‘சோராவர்’ இலகு டாங்கியில், பெல்ஜியத்தின் ஜான் காக்கரில் 3105 டரட் 105 மி.மீ. குழலோடு இருக்கிறது, அந்தக் குழல் 42 பாகை வரை உயரும். உயரமான மலைப் பகுதியில் எதிர்ப்பக்கக் கனரக வண்டிகளைச் சந்திக்க வேண்டும் என்ற தேவைதான் அங்கே குழலைத் தீர்மானித்தது. குழல் அளவு மாறாமல் டரட் மட்டும் மாறுவதும் உண்டு: அமெரிக்க ராணுவம் ஸ்ட்ரைக்கர் என்ற எட்டுச் சக்கரக் கவச வண்டிகளுக்கு முதலில் காங்ஸ்பெர்க் டரட்டை வாங்கிவிட்டு, 2021இல் இஸ்ரேலிய நிறுவனமான ராஃபேலின் சாம்சன் டரட்டுடன் வந்த ஆஷ்காஷ் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. வண்டிக் குடும்பமும் 30 மி.மீ. என்ற அளவும் மாறவில்லை, டரட் மாறியது.

தாளில் எல்லாப் பத்திகளும் நிரம்பியபின், நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் மூன்றைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். வண்டி கரடுமுரடான தரையில் ஓடும்போது குறிக்கம்பி இலக்கில் நிற்கிறதா என்று பார்வைத்திரையின் பதிவைக் கேளுங்கள். கவசத்துளைப்புக் குண்டிலிருந்து வெடிகுண்டுக்கு மாற எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்து எண்ணுங்கள். பிறகு முதன்மை மின்சாரத்தை அணைக்கச் சொல்லி, கைச்சக்கரத்தால் டரட்டைக் கால்வட்டம் திருப்பச் சொல்லுங்கள். வண்டி பக்கவாட்டில் சரிந்து நிற்கும்போதும் அதே கைச்சக்கரத்தை ஒருவரே திருப்ப முடிகிறதா என்று பார்த்துவிட்டு, குழல் அளவுக்கான கடைசிப் பத்தியை நிரப்புங்கள்.