வன்னியில் இருந்து மருத்துவத் துறைக்கு: எங்கே தொடங்குவது, எப்படித் தயாராவது?

சாதாரண தரப் பெறுபேறு வருகிற கிழமையில் எங்கள் வீட்டுப் படலை அடிக்கடி திறபடும். தாயும் பிள்ளையுமாக வருவார்கள். "பயோ எடுக்கச் சொல்லலாமா, மிஸ்?" என்று தாய் கேட்பார். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் வன்னியில் ஒரு வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். படலையடியில் நின்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, நீங்கள் எங்கிருந்தாலும் இது உதவும்.

படி 1: வேலையை முதலில் கண்ணால் பாருங்கள்

வயல் வேலைக் காலம் என்று வைத்துக்கொள்வோம். வரப்பில் கால் வைத்தவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. வீட்டார் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கிறார்கள், அம்புலன்ஸ் வருகிறது. அதில் வருபவர் அவசர சிகிச்சை பயின்றவர். கடித்த காலை அசையாமல் வைத்துக் கூட்டி வருகிறார். கயிறு கட்டவோ கடிவாயை வெட்டவோ கூடாது என்று அவருக்குத் தெரியும்.

வார்ட்டில் ஒரு சின்னப் பரிசோதனை நடக்கும். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் சுமார் 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் தொடாமல் வைத்துவிட்டு ஒருமுறை சரித்துப் பார்ப்போம். கட்டியாக நின்றால் இரத்தம் உறைகிறது. தண்ணீர் போல ஓடினால் விஷம் உறையும் தன்மையைக் குலைத்துவிட்டது என்று பொருள். டொக்டர் விஷமுறிவு மருந்து கொடுப்பதைத் தீர்மானிக்க இது பெரிய உதவி. குழாய் பிளாஸ்ரிக்காக இருக்கக் கூடாது, சவர்க்காரம் போட்டுக் கழுவியதாகவும் இருக்கக் கூடாது. கண்ணாடியின் மேற்பரப்புப் படும்போதுதான் உறைதல் சரியாகத் தூண்டப்படும். உயர்தர உயிரியலில் நீங்கள் மனப்பாடம் செய்யும் குருதி உறைதல் இதுதான். முதல் தடவை அந்தக் குழாயைச் சரித்தபோது இரத்தம் ஓடியதை நான் இன்னும் மறக்கவில்லை. புத்தகத்தில் ஒரு பந்தி, கட்டிலில் ஒரு உயிர்.

அந்த ஒரு நோயாளிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அம்புலன்ஸ் உதவியாளர், டொக்டர், தாதியர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், மருந்தாளர். சிறுநீரகம் பாதித்தால் இன்னும் பலர். கால் விறைத்துப்போனால் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). இவர்களில் யாருடைய வேலை உங்கள் மனதைப் பிடிக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. தெரிந்தவர் யாராவது இந்தத் துறையில் இருந்தால், விடுமுறை நாளில் அரை மணித்தியாலம் பேச நேரம் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

வீட்டிலும் ஒன்று செய்து பார்க்கலாம். அம்மம்மாவின் மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக, உங்கள் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்து நாடியைத் தேடுங்கள். பெருவிரலால் பார்க்காதீர்கள், அதில் உங்கள் நாடியே துடிக்கும். ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு வழமையாக 60க்கும் 100க்கும் இடையில் இருக்கும். எண்ணும்போது அம்மம்மாவின் முகத்தையும் கவனியுங்கள். மற்றவர் உடலைத் தொட்டு, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

படி 2: பாடத் தெரிவில் கதவை மூடிவிடாதீர்கள்

மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பௌதிகம் கஷ்டம் என்று அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கும் பிள்ளைகள் உண்டு. அது நல்ல பாடம்தான். ஆனால் எடுத்த அன்றே மருத்துவபீடக் கதவு சாத்தப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

படி 3: இசட் புள்ளி எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

பல்கலைக்கழகத்துக்கு யாரை எடுப்பது என்று இந்தப் புள்ளியை வைத்துத்தான் பார்ப்பார்கள். பல பிள்ளைகள் இதை விளங்காமலே இரண்டு வருடம் படிக்கிறார்கள். உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லாருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு) வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் வருவதைக் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இசட் புள்ளி.

ஒரு கற்பனைக் கணக்குப் பார்ப்போம். உயிரியலில் சராசரி 40, நியம விலகல் 20, நீங்கள் எடுத்தது 70. உங்களுக்கு 1.5. இரசாயனவியலில் சராசரி 30, நியம விலகல் 15, நீங்கள் எடுத்தது 60. உங்களுக்கு 2. பார்த்தீர்களா, 60 எடுத்த பாடம் 70 எடுத்த பாடத்தை விடக் கூடத் தருகிறது. எல்லாரும் தடுமாறும் பாடத்தில் நீங்கள் கொஞ்சம் முன்னுக்கு நின்றால் பலன் பெரிது. அதனால்தான் உயிரியலை மட்டும் விழுந்து விழுந்து படிப்பவர்களிடம் இரசாயனத்தையும் பௌதிகத்தையும் முதலில் கையில் எடுங்கள் என்கிறேன்.

முக்கிய பாடங்கள் போக, பொதுச் சோதனைத் தாளில் குறைந்தது 30 புள்ளியும் தேவை. அதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

படி 4: படிப்பு

நல்ல ரியூசன் யாழ்ப்பாணத்தில்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். பஸ்ஸில் போய்வரவே அரைநாள் போகிற பிள்ளைக்கு அது உதவாது. தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களைத் தமிழிலேயே இணையத்திலிருந்து இலவசமாக எடுக்கலாம். அவற்றையும் பழைய வினாத்தாள்களையும் புள்ளித்திட்டத்தையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். பல்தேர்வு வினாக்கள் 50ஐ 2 மணித்தியாலத்துக்குள் மணிக்கூட்டை முன்னால் வைத்துச் செய்யுங்கள். பிழைத்தவற்றை மட்டும் ஒரு தனிக் கொப்பியில் எழுதுங்கள். பரீட்சைக்கு முன் மாதம் அந்தக் கொப்பியைத்தான் நீங்கள் புரட்டப் போகிறீர்கள்.

படி 5: ஆங்கிலம்

மருத்துவபீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில். இது எங்கள் பிள்ளைகளை மிகவும் பயமுறுத்துகிறது. அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஆகவே மருத்துவம் எங்கள் மொழிக்குள் அடங்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்று நடைமுறை வேறு என்பதால், ஒரு நாளைக்கு ஐந்து சொல் என்று தொடங்குங்கள். உயிரியல் பாடச் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் நன்றாக விளங்கியதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வது அவ்வளவு பெரிய வேலை இல்லை. சிங்களமும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. பயிற்சிக்கும் வேலைக்கும் வேறு மாகாணம் போக வேண்டி வரலாம்.

படி 6: மாவட்டமும் விண்ணப்பமும்

பெரும்பாலான பாடநெறிகளுக்கு, மருத்துவம் உட்பட, 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்று இடங்கள் பிரிக்கப்படுகின்றன. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்த 16க்குள் அடங்கும். நீங்கள் எந்த மாவட்டம் என்பதைப் பரீட்சைக்கு முந்திய வருடங்களில் படித்த பாடசாலையை வைத்தும் பார்ப்பார்கள். ஆகவே உயர்தரத்துக்காக வேறு மாவட்டத்துக்குப் போக நினைப்பவர்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்த விதியை வாசித்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

அப்புறம் விருப்பத் தெரிவுப் பட்டியல். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி மருத்துவத்தை மட்டும் எழுதிவிட்டு, மிச்சத்தை வெறுமையாக விட்டாள். வெட்டுப்புள்ளி, அதாவது அந்தப் பாடநெறிக்குத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி, கொஞ்சத்தில் தவறியது. மற்றப் பாடநெறிகளுக்கு அவளுடைய புள்ளி தாராளமாகப் போதும், ஆனால் அவள் கேட்கவில்லையே, யார் கொடுப்பார்கள்? அந்த வருடம் வீட்டில் இருந்தாள். அவளை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கும்.

பட்டியலில் நீங்கள் எழுதிய வரிசையில் உங்கள் புள்ளிக்கு முதலில் எட்டுவதுதான் கிடைக்கும். மருத்துவத்தை முதலில் எழுதுவதால் கீழே உள்ளவை கெட்டுப்போகாது. அதன் கீழே பல் மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், சித்த மருத்துவம் என்று உங்கள் மனவிருப்பப்படி இறக்கி எழுதுங்கள். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவபீடம் பக்கத்தில் இருக்கிறது. தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டப்படிப்புகளும் சித்த மருத்துவமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே உண்டு. சித்த மருத்துவம் திருகோணமலையிலும் படிக்கலாம்.

படி 7: வர்த்தமானியும் ஒரு கோப்பும்

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உள்ளன, யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும். மூன்று வருடப் பயிற்சி, படிக்கும்போதே கொடுப்பனவு உண்டு. நான் வந்த வழி அதுதான். குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பயிற்சிகளுக்கும் விண்ணப்பம் கோருவார்கள். அறிவித்தலில் முடிவு நாள் இருக்கும், ஆகவே அரசாங்க அறிவித்தல்கள் வரும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பிரதேச செயலகத்திலோ நூலகத்திலோ கேட்டால் காட்டுவார்கள்.

இப்போதே ஒரு கோப்பு வாங்கி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுத்தாள், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளைப் போட்டு வையுங்கள். எங்கள் பக்கத்தில் இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் பிரதி எடுக்கலாம். வேறு மாவட்டத்தில் பிறந்திருந்தால் நாள் எடுக்கும். விண்ணப்பம் கோரிய பிறகு ஓடாமல், இந்த விடுமுறையிலேயே அம்மாவுடன் போய்க் கேட்டுவிடுங்கள்.