முழங்காலில் நீர்க்கட்டியோடு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

எனக்கு முடக்கு வாதம் வந்து பன்னிரண்டு வருடம். வலது முழங்காலின் பின்பக்க மடிப்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நீர்க்கட்டியும் இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் கல்லுப்போல இறுகும், காலை மடித்தால் இளகிவிடும். இந்தக் காலோடு ரொறன்ரோவிலிருந்து மூன்று தடவை ஊருக்குப் போய் வந்துவிட்டேன். அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்குப் போக ஆசைப்பட்டு, வலிக்குப் பயந்து தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1877இல் இதை விவரித்த லண்டன் அறுவை மருத்துவரின் பெயரால் இதைப் பேக்கர் நீர்க்கட்டி என்கிறார்கள். வாதத்தால் மூட்டு அழன்றிருக்கும்போது உள்ளே நீர் கூடுதலாகச் சுரக்கும். நடக்கும்போது அந்த நீர் பின்னாலுள்ள பைக்குள் தள்ளப்படும், ஆனால் திரும்பி வருவது கஷ்டம். ஊசியால் உறிஞ்சி எடுத்தாலும் வாதம் அடங்காதவரை மறுபடி நிரம்பும். அதனால் கட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், பயணத்துக்கு ஆறேழு வாரம் முன்பே உங்கள் வாத மருத்துவரிடம் போய் மூட்டு அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசி பற்றியும் அன்றைக்கே கேளுங்கள். டைபொயிட்டுக்கு வாயால் எடுக்கும் மருந்தில் உயிருள்ள கிருமி இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஊசிதான் சரி.

என் இரண்டாவது பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு விமானம், பிறகு கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் எட்டு மணி நேரம், முழுக்க முழங்காலை மடித்தபடியே இருந்தேன். மூன்றாம் நாள் கிணற்றடியில் படி ஏறும்போது முழங்காலுக்குப் பின்னால் ஏதோ பொத்தென்று விட்டதுபோல இருந்தது. கெண்டைக்காலுக்குள் வெந்நீர் வழிவதுபோல ஒரு சூடு. பின்னேரத்துக்குள் கால் வீங்கிச் சிவந்துவிட்டது. பெரியம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். “வா பிள்ளை, உருவி விடுறன், எல்லாம் இறங்கிப்போகும்.”

வேண்டாம் பெரியம்மா, முதலில் ஸ்கான் எடுப்போம் என்றேன். கட்டி வெடித்தாலும், காலின் ஆழமான நாளத்தில் இரத்தம் கட்டினாலும், வெளியே தெரிவது ஒன்றுதான்: வீங்கிய, சிவந்த, வலிக்கும் கெண்டைக்கால். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு இரத்தக் கட்டு வரும் வாய்ப்பு கூடுதல். அந்தக் காலை உருவினால் இரத்தக் கட்டு கழன்று நுரையீரலுக்குப் போகலாம். மறுபக்கம், வெடித்தது நீர்க்கட்டியாக இருந்து, இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் உள்ளே கசிவு கூடலாம். வலியில்லாத ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் பெரும்பாலும் எது என்று காட்டிவிடும். எனக்கு நீர்க்கட்டிதான் வெடித்திருந்தது. இரண்டு நாள் கழித்துக் கணுக்காலுக்குக் கீழே பிறைபோல நீலம் பாய்ந்தது, அதுவும் அதன் அடையாளம்தான். சூடாக்கிய எண்ணெயைப் பெரியம்மா என் கைவிரல்களில் மெல்லத் தடவிவிட்டார்.

கால் வீக்கத்தோடு மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ ஸ்கானுக்கு நேரம் குறிக்காதீர்கள். 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது இலவசம்.

விமானத்தில் நடைபாதைப் பக்க இருக்கை எடுங்கள், மணிக்கு ஒருதரம் எழும்பி நடங்கள். சக்கர நாற்காலி உதவியை இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள், அதற்குக் கூச்சப்படவே வேண்டாம். சென்னை வழியாக வருகிறவர்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கே பறக்கலாம், அந்த நீண்ட வீதிப் பயணம் மிச்சம்.

மருந்து விஷயத்தில் நான் ஒரு துளிகூட விட்டுக்கொடுப்பதில்லை. வாதத்துக்கு எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுப்பது. தவறுதலாகத் தினமும் எடுத்து உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். நேரமும் நாளும் மாறும் பயணத்தில் குழப்பம் சுலபமாக வரும், அதனால் பெட்டியில் ‘ஞாயிறு’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். முழுப் பயணத்துக்கும் போதுமான குளிசையைக் கைப்பையில் கொண்டுபோங்கள். அங்கே வாங்க நேர்ந்தால் 2.5 மில்லிகிராமா 10 மில்லிகிராமா என்று அட்டையை வாசித்துப் பாருங்கள். வயிற்றோட்டத்துக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ கோ-டிரைமொக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதினால், மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன் என்று உடனே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மச்சையைப் பாதித்து இரத்த அணுக்களைக் குறைத்துவிடும். வாதத்துக்குப் போடும் அடலிமுமாப் போன்ற ஊசி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். சில வகைகள் 25 பாகைக்குள் இரண்டு வாரம் தாங்கும் என்று பெட்டியில் இருக்கும், ஆனால் ஆவணி மாத யாழ்ப்பாணத்து அறை 25இல் நிற்காது. ஊசியைப் பொதியோடு அனுப்பாமல், குளிர்ப் பையில் கையோடு வைத்திருங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் அறையை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தால் பயனில்லை.

மார்கழி, தை மாதங்களில் போகிறவர்கள் மழையோடு வரும் டெங்குவை நினைவில் வையுங்கள். காய்ச்சலோடு மூட்டு நொந்தால் வாதம்தான் கிளம்பிவிட்டது என்று டைக்ளோபெனாக் வலிக்குளிசை போடாதீர்கள், டெங்கு என்றால் இரத்தக் கசிவு வரலாம். இரத்தப் பரிசோதனை முடியும்வரை பனடோல் (பரசிட்டமோல்) மட்டும், அதுவும் அளவோடு. மெத்தோட்ரெக்சேட் நாள் வந்தால், காய்ச்சலோடு எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். லேபல் இல்லாத ‘வாதக் குளிசை’ யார் தந்தாலும் வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருப்பது புதிதல்ல.

சரி, வீட்டுக்கு வருவோம். கொமட் இருக்கும் வீட்டில் தங்குங்கள், குந்தி எழும்புவதுதான் கட்டியை அதிகம் நெரிக்கிறது. பந்தியில் “கீழ இருக்கேலாது, கதிரை தாங்கோ” என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். எனக்குக் காலையில் விறைப்பு விட ஒன்றரை மணி நேரமாகும், ஆகவே விடியற்பூசைக்கு ஓடாமல் பின்னேரத் திருவிழாவுக்குத்தான் போவேன். அந்த நேரத்தில் வீதி மணலின் சூடும் தணிந்திருக்கும், வெறுங்காலோடு மெல்ல நடக்கலாம். தேரன்று மட்டும் விடியவே போவதென்றால் நாலு மணிக்கு எழும்பி, வெந்நீரில் குளித்து, கட்டிலிலேயே காலை இருபது தடவை மடக்கி நீட்டிவிட்டுத்தான் ஓட்டோவைக் கூப்பிடுவேன்.