டாலர் கிடைக்காத நாளில் சரக்குப் பாக்கியை அடைப்பது

சென்னையிலிருந்து இறக்கிய சரக்கு விற்றாயிற்று, கல்லாவில் மியான்மர் பணமான கியாட் இருக்கிறது, பாக்கியை அனுப்ப வங்கியில் டாலர் இல்லை. ரங்கூனில் இது பழகிப்போன நிலைதான். பாக்கியை மொத்தத் தொகையாக வைத்துக்கொண்டு அலைந்தால் ஒன்றும் நடக்காது. வங்கி பார்ப்பது இன்வாய்ஸ் இன்வாய்ஸாகத்தான்.

ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் தனிக் கவர் போடுங்கள். ஒப்பந்தம், இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது), இறக்குமதி லைசென்ஸ், சுங்க அறிவிப்பு எல்லாவற்றிலும் கம்பெனிப் பெயர், தொகை, கரன்சி ஒன்றாக இருக்க வேண்டும். விண்ணப்பம் திரும்புவது பெரும்பாலும் இங்கேதான். வரிக்குப் பயந்து விலையைக் குறைத்து லைசென்ஸ் எடுத்திருப்பார்கள். இன்வாய்ஸ் 40,000 டாலர், லைசென்ஸ் 28,000 என்றால் மீதி 12,000ஐ வங்கி தொடாது.

அடுத்து, சரக்கு அனுப்பியவரிடம் கணக்கு ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். தவணை கேளுங்கள், ஒரே தேதியில் முழுத்தொகை என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மியான்மர் மத்திய வங்கி 2022 ஆகஸ்டில் டாலருக்கு வைத்த 2,100 கியாட் விலையில் கணக்குப் போட்டால் நஷ்டம் உங்கள் தலையில்தான். வங்கி உண்மையில் டாலர் விற்கும் விலையைக் கேட்டு எழுதுங்கள்.

எல்.சி. (வங்கி பொறுப்பேற்றுத் தரும் கடன் உறுதிக் கடிதம்) பாக்கியை முதலில் கட்டுங்கள், அதில் வங்கியும் மாட்டியிருக்கிறது. பிறகு, அடுத்த சரக்கு யாரிடம் வாங்க வேண்டுமோ அவர். எந்த வங்கி வழியாக அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம்: 2023 ஜூனில் அமெரிக்கா தடைவிதித்த இரண்டு மியான்மர் அரசு வங்கிகள் வழியே டாலர் போகாது.

இந்தியப் பாக்கிக்கு டாலர் இல்லாமல் ரூபாய்–கியாட் வழி இருக்கிறது. உளுந்து ஏற்றுமதியில் வரும் ரூபாயிலிருந்து கட்டலாம். புதுச் சரக்குக்கு ரூபாய் இன்வாய்ஸே கேளுங்கள். பழைய டாலர் இன்வாய்ஸை மாற்றுவதென்றால் இருபக்க வங்கியும் முன்பே சம்மதிக்க வேண்டும்.

உண்டியலில் (வங்கி வழியின்றி ஆள் மூலம் பணம் அனுப்பும் முறை) அனுப்பிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பணத்தால் சென்னைக்காரரின் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்கப் பத்திரம்) இந்திய வங்கிகளின் ஏற்றுமதிப் பதிவில் தீர்ந்ததாக ஆகாது. பணம் வாங்கியும் அவர் பாக்கிக்காரராகவே நிற்பார், உங்களுக்கு அடுத்த லோடு ஏற்ற மாட்டார்.

பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் 140 எழுத்துகளுக்குத்தான் இடம். வணக்கமெல்லாம் வேண்டாம், இன்வாய்ஸ் எண்களை மட்டும் எழுதுங்கள். கட்டணம் முழுவதும் அனுப்புபவர் பொறுப்பு என்று குறியுங்கள். இல்லாவிட்டால் நடுவிலுள்ள வங்கி எடுத்துக்கொள்ளும் சில டாலருக்காக இன்வாய்ஸ் அடையாமல் கிடக்கும். ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கிடையிலான செய்தி) நகலையும் 36 எழுத்துப் பின்தொடர் எண்ணையும் அன்றைக்கே சரக்கு அனுப்பியவருக்கு அனுப்பிவிடுங்கள்.