சவுக்கு வெட்டுன தோப்புல டிஸ்க் கோல்ஃப்: புதுசா ஆட வர்றவங்களுக்கு

தோப்புல மரம் வெட்டியாச்சுன்னு கேட்டதும் புதுசா ஆடுற பசங்க எல்லாம் ஒரே மாதிரிதான் சொல்றாங்க, அப்பாடா இனிமே ஈசி, நேரா விட்டு எறியலாம்னு. அப்புறம் போயி ஆடிப்பாத்துட்டு ஸ்கோர் முன்னவிட மோசமா வந்திருக்கேன்னு முழிக்கிறாங்க. இதுல ஆச்சரியப்பட ஒன்னுமில்ல. மரம் உங்களுக்கு இடைஞ்சல் மட்டும் பண்ணல, காத்தையும் அதுதான் தடுத்துச்சு, தப்பா போற டிஸ்க்கையும் அதுதான் நிறுத்துச்சு. அது ரெண்டும் போயிருச்சுன்னு மனசுல வச்சுக்கிட்டு ஆடணும், இந்தப் பதிவு முழுக்க அதைத்தான் சொல்லப்போறேன்.

டிஸ்க் கோல்ஃப்னா என்னன்னே தெரியாதவங்களுக்கு சுருக்கமா: கோல்ஃப் மாதிரிதான், ஆனா பந்து கிடையாது, மட்டை கிடையாது, கையால ஒரு தட்டை (அதுதான் டிஸ்க்) டீன்னு குறிச்ச எடத்துல இருந்து எறிஞ்சு சங்கிலி தொங்குற இரும்பு பாஸ்கெட்ல விழவைக்கணும் (ஒரு டீயில இருந்து அதோட பாஸ்கெட் வரைக்கும் ஒரு ஹோல்), எத்தனை எறில முடிக்கிறீங்கங்குறதுதான் ஸ்கோர். முதல் நிரந்தர கோர்ஸ், அதாவது ஆடுகளம், 1975ல கலிஃபோர்னியாவுல ஓக் குரோவ்னு ஒரு பார்க்ல வந்துச்சு, அதை அமைச்ச எட் ஹெட்ரிக்தான் சங்கிலி பாஸ்கெட்டையும் கொண்டுவந்தாரு, அடுத்த வருஷம் பிடிஜிஏங்குற சங்கத்தையும் ஆரம்பிச்சாரு. பேர்லயே ஓக் மரத்தோப்பு இருக்கு பாருங்க, ஆட்டம் பொறந்ததே மரத்துக்கு நடுவுலதான்.

நம்ம பக்கம், அதாவது பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி சைடுல, தோப்புன்னாலே தென்னைதான். 25 அடிக்கு ஒரு கன்னுன்னு வரிசை புடிச்சு நட்டிருப்பாங்க, அந்த ரெண்டு வரிசைக்கு நடுவுல இருக்குற சந்துதான் நமக்கு ஃபேர்வே, அதாவது டிஸ்க் போற பாதை. பாஸ்கெட்டுக்கு வெல்டிங் பட்டறைல சொல்லி பைப்பும் சங்கிலியும் வச்சு அடிச்சுக்கலாம். பல தோப்புல மேற்கு ஓரமா சவுக்கு போட்டிருப்பாங்க, காத்துத் தடுப்புக்கும் ஆச்சு, நாலு வருஷத்துல வெட்டி காசாக்குறதுக்கும் ஆச்சு. அந்த சவுக்கை வெட்டுன தோப்பைத்தான் உதாரணமா எடுத்துக்கிறேன். கஜா புயல்ல (2018 நவம்பர் 16) தென்னை சாஞ்சு அங்கங்க பொக்கையா நிக்கிற தோப்பா இருந்தாலும் முக்கால்வாசி இதே கணக்குதான்.

படி 1: மொதல்ல தோப்புக்காரரைக் கேளுங்க

வெட்டு முடிஞ்சிருச்சா, லோடு ஏத்தியாச்சா, வேர்க்கட்டை தோண்ட ஜேசிபி வருதா, இந்த மூணையும் கேட்டுருங்க. "பெரியப்பா, ஞாயித்துக்கிழமை ஆடிக்கலாமா"ன்னு ஒரு வார்த்தை. வெட்டு நடக்குற அன்னைக்கு அந்தப் பக்கமே போகாதீங்க. முடிஞ்சதுக்கு அப்புறமும் அண்ணாந்து பாருங்க, வெட்டுன மரம் பக்கத்து மரத்துல சாஞ்சு சிக்கிக்கிட்டு நிக்கும், கீழ விழாத கிளை தொங்கும், அதுக்கு அடியில நின்னு யாரும் பட் (பாஸ்கெட் பக்கத்துல இருந்து போடுற எறி) போடவேணாம்.

படி 2: டிஸ்க்கை பையிலயே வச்சுட்டு ஒரு ரவுண்டு நடங்க

இதைத்தான் யாரும் பண்ணமாட்டேங்குறாங்க, ஆனா இதுலதான் பாதி விஷயம் இருக்கு. கையில நீளமா ஒரு கழி, கால்ல ஷூ, செருப்பு வேணாம். சவுக்கை வெட்டுன எடத்துல அடிக்கட்டை தரையோட தரையா, ஓரம் கூரா, மிலாறு மூடி கண்ணுக்குத் தெரியாம கெடக்கும். கட்டையைத் தோண்டி எடுத்திருந்தா குழி இருக்கும், அதுமேல சவுக்கு ஊசி பரவி தரை மாதிரியே தெரியும், அந்த ஊசி காஞ்சா வழுக்கும் வேற. எங்கெங்க குழின்னு பாத்து ஒரு குச்சியில கலர் துணி கட்டி நட்டுருங்க.

பாம்பு விஷயத்துல வெளையாட்டு வேணாம். டெல்டாவுல கண்ணாடி விரியன், கட்டு விரியன், நல்ல பாம்பு மூணும் உண்டு, குவிச்சு வச்ச மிலாறும் மட்டையும் எலிக்கு வீடு, எலி இருந்தா அதைத் தேடி பாம்பு வரும். குவியலுக்குள்ள டிஸ்க் போச்சுன்னா கையை விடாதீங்க, கழியால தள்ளி எடுங்க. பொழுது சாய ஆரம்பிச்சா ஆட்டத்தை முடிச்சுருங்க, கட்டு விரியன் ராத்திரி நடமாடுறது. ஒருவேளை கடிச்சிருச்சுன்னா கயித்தை இறுக்கிக் கட்டுறது, பிளேடால கீறுறது, மந்திரிக்கப் போறது எதுவும் வேணாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம வச்சு 108க்கு போன் போட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி.

நடக்குறப்ப இன்னொன்னும் செய்யுங்க, பாஸ்கெட்கிட்ட போயி திரும்பி நின்னு டீயைப் பாருங்க. டீயில இருந்து பாத்தா எல்லாம் வெட்டவெளியாத்தான் தெரியும். பாஸ்கெட்ல இருந்து பாக்குறப்பதான் எந்த மரம் மிச்சமிருக்கு, எந்தப் பக்கம் தவறுனா வாய்க்கா, எந்தப் பக்கம் தவறுனா வயல்னு புரியும். முன்னாடி சவுக்கு ஒரு சுவர் மாதிரி நின்னு உங்க மோசமான எறியையெல்லாம் 10 அடியில புடிச்சு கீழ போட்டுச்சு, இப்ப அதே எறி தடையில்லாம போயி நாத்தங்கால்ல விழும். பக்கத்து வயல்காரர் உங்களுக்கு மாமன் மச்சானா இருந்தாலும் நட்ட பயிரை மிதிச்சா சும்மா விடமாட்டாரு.

படி 3: டிஸ்க்கைக் கொறைங்க

எடம் தொறந்திருச்சேன்னு டிரைவரை, அதாவது ரொம்ப தூரம் எறியுற டிஸ்க்கை, தூக்காதீங்க. டிஸ்க் மேல நாலு நம்பர் போட்டிருக்கும், ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேடுன்னு வரிசையா. ஸ்பீடுங்குறது அந்த டிஸ்க் ஒழுங்கா பறக்க எவ்வளவு வேகம் கேக்குது, கிளைடு எவ்வளவு நேரம் மெதக்கும், டர்ன் வேகமா போறப்ப எந்த அளவுக்குத் திரும்பும், ஃபேடு வேகம் கொறைஞ்சதும் கடைசில எந்த அளவுக்கு வளையும். ஏவியர்னு ஒரு பட்டர் (கிட்ட இருந்து போடுற டிஸ்க்) இருக்கு, 2, 3, 0, 1. பஸ்னு ஒரு மிட்ரேஞ்ச் (நடுத்தர தூரத்துக்கு), 5, 4, மைனஸ் 1, 1. டெஸ்ட்ராயர்னு டிரைவர், 12, 5, மைனஸ் 1, 3. இந்த 12ஐப் பாத்து மயங்காதீங்க, அந்த வேகம் உங்க கையில இன்னும் வரல, வராதவரைக்கும் அது பாதி வழியிலயே எடது பக்கம் குத்திட்டு எறங்கிரும். முன்னாடி அப்படி எறங்குனா சவுக்குல முட்டி நின்னுச்சு, இப்ப நிக்காது.

ஆரம்பத்துல ஒரு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச் போதும். டிரைவர் எடுத்தே ஆகணும்னா லெப்பர்ட் மாதிரி ஸ்பீடு 6 இருக்குறதை எடுங்க. கலர்ல கொஞ்சம் யோசிங்க, காஞ்ச சவுக்கு ஊசியிலயும் தென்னமட்டையிலயும் மஞ்சளும் ஆரஞ்சும் ஒளிஞ்சுக்கும், பச்சை வேணவே வேணாம், ரோஸும் நீலமும் பளிச்சுன்னு தெரியும். வெட்டி வெயில் உள்ள விழுந்ததும் ஒரு மழை பெஞ்சா போதும் புல்லும் கோரையும் நெருஞ்சியும் முட்டிக்கால் ஒசரத்துக்கு வந்துரும், அப்ப கலர் அருமை புரியும். தண்ணில டிஸ்க் பெரும்பாலும் முழுகிரும், ஆத்துல தண்ணி விட்டு வாய்க்கா ஓடுற சீசன்ல பிடிச்ச டிஸ்க்கை வாய்க்கா ஓர ஹோலுக்கு எடுக்காதீங்க.

படி 4: நின்ன எடத்துல இருந்தே எறிங்க

ஓடிவந்து எறியுறதெல்லாம் சிமெண்ட் டீ இருக்குற ஊர்ல. இங்க ஜேசிபி ஏறி எறங்குன மண்ணு, ஒரு பக்கம் பொதபொதன்னு, ஒரு பக்கம் கட்டி. வலதுகைக்காரங்களா இருந்தா வலது தோள் பாஸ்கெட்டைப் பாத்து, கால் ரெண்டும் தோள் அகலத்துக்கு, டிஸ்க்கை நெஞ்சு ஒசரத்துல நேரா பின்னாடி இழுத்து நேராவே கொண்டுவந்து விடுங்க. மூக்கு, அதாவது டிஸ்க்கோட முன் ஓரம், மேல தூக்கிறக்கூடாது, தூக்குனா காத்து அடியில புகுந்து மேல போயி பின்னாடியே வந்து விழும். மரம் இருந்தப்ப தலைக்கு மேல கிளை இருந்ததால தாழ்வா எறியணும்னு தானாவே வந்துச்சு. இப்ப மேல ஒன்னுமில்லைன்னு எல்லாரும் அண்ணாந்து எறியுறாங்க. இல்லாத கிளையை இருக்குறதா நெனச்சுக்கிட்டு ஒரு தென்னைல பாதி ஒசரத்துக்கு மேல போகாம எறிஞ்சு பழகுங்க.

படி 5: காத்து

இதுதான் இந்தப் பதிவுல முக்கியமானது, கொஞ்சம் நிதானமா படிங்க. ஆனி, ஆடியில நம்ம பக்கம் மேல்காத்து, பாலக்காட்டு கணவாய் வழியா வந்து சும்மா வெளுத்து வாங்கும். ஐப்பசி, கார்த்திகைல வாடை, வடகிழக்குல இருந்து மழையோட. மேற்கு ஓர சவுக்கு போனதும் ஆடிக்காத்து நேரா தென்னை வரிசைக்குள்ள புகுந்துரும். அதாவது வெட்டுனது ஓரத்துல, அடி விழுறது நடுவுல இருக்குற ஹோல்ல. ஒரு மரம்கூட கொறையாத ஹோல்ல டிஸ்க் ஏன் இப்படிப் போகுதுன்னு குழம்பாதீங்க, காரணம் அதுதான்.

நான் சொல்றது எல்லாம் வலதுகை பேக்ஹேண்டுக்கு (டிஸ்க்கை உடம்புக்குக் குறுக்க இழுத்து எறியுறது), எடதுகைக்காரங்க தலைகீழா மாத்திக்கோங்க. எதிர்காத்துல டிஸ்க் தான் இன்னும் வேகமா போறதா நெனச்சுக்கும், அதனால வலது பக்கம் அதிகமா திரும்பும். பஸ் மாதிரி லேசா டர்ன் இருக்குறதைக்கூட அது கவுத்துரும். ஃபேடு அதிகமா இருக்குறதை எடுத்து, எடது ஓரத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, அதாவது ஹைசர்ல, தாழ்வா விடுங்க. பலத்தைக் கூட்டாதீங்க, கூட்டுனா இன்னும் திரும்பும். பின்காத்துல இதுக்கு நேர்மாறு, டர்ன் ஆகாது, சீக்கிரமா தொப்புன்னு எறங்கி எடது பக்கம் போகும், அதனால லேசா திரும்புற டிஸ்க்கைக் கொஞ்சம் ஒசத்தி விடலாம். பக்கவாட்டுக் காத்துக்கு ஒரே கேள்வி, டிஸ்க்கோட வயிறு காத்துக்குத் தெரியுதா முதுகு தெரியுதா? வலது பக்கம் இருந்து காத்து அடிக்கிறப்ப ஹைசர் போட்டா வயித்துல புடிச்சு எங்கயோ எடது பக்கம் தூக்கிட்டுப் போயிரும். எடது பக்கம் இருந்து அடிச்சா முதுகுல குத்தி கீழ அமுக்கும், தூரம் கொறையும், ஆனா தொலையாது.

தோப்புக்குள்ள நிக்கிறப்ப காத்து தெரியாது, அதை நம்பாதீங்க. தென்னை உச்சியில மட்டை எப்படி ஆடுதுன்னு பாருங்க, அப்புறம் பாஸ்கெட் பக்கத்துல இருக்குற புல்லைப் பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி ஆடலைன்னா நடுவுல எங்கயோ காத்து புகுற சந்து இருக்கு, டிஸ்க் அந்த சந்தைத் தாண்டுறப்ப என்ன ஆகும்னு யோசிச்சு எறிங்க. பலத்த காத்துன்னா ஆட்டத்தைத் தள்ளிப்போடுங்க, நெருக்கமா வளந்து திடீர்னு ஓரத்துக்கு வந்துட்ட சவுக்கு ஒல்லியா ஒசரமா இருக்கும், காத்துல சாயுறது அதுதான். தென்னைக்கு அடியில மட்டை, காய் பயம் எப்பவும் போல.

படி 6: பாஸ்கெட் பக்கத்துல

முன்னாடி பாஸ்கெட்டுக்குப் பின்னால மரம் இருந்தா தைரியமா பட் போடலாம், தவறுனாலும் முட்டி நிக்கும். இப்ப பின்னால என்ன இருக்குன்னு பாத்துட்டு முடிவெடுங்க. கோடையில டெல்டா மண்ணு வெடிச்சு கல்லு மாதிரி கெடக்கும், டிஸ்க் தட்டி எழும்பி உருண்டு ஓடும். பின்னால வாய்க்கா, பின்காத்து, 12 மீட்டர் தூரம்னா பாஸ்கெட்டுக்கு முன்னால ஒன்னைப் போட்டு அடுத்ததுல முடிங்க, எவனாவது சிரிச்சா சிரிக்கட்டும். 10 மீட்டருக்குள்ள இருந்தா ஒரு விதி உண்டு, விட்டதும் முன்னாடி போயி விழக்கூடாது, நிலையா நின்னு காட்டிட்டுத்தான் நடக்கணும்.

படி 7: வெட்டுன கழிவுக்குள்ள விழுந்தா

சண்டை வர்ற எடம் இதுதான், அதனால விதியைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க. நீங்க நிக்கிற எடத்துல, இல்ல அதுக்குப் பின்னால, மரத்தோட ஒட்டு இல்லாம உதுந்து கெடக்குற கிளை, மிலாறு, மட்டையை நகத்தலாம், தண்டம் இல்ல. உங்களுக்கும் பாஸ்கெட்டுக்கும் நடுவுல கெடக்குறதைத் தொடக்கூடாது, அது எவ்வளவு எரிச்சலா இருந்தாலும். நகத்த முடியாத பெரிய குவியல்னா பாஸ்கெட்ல இருந்து அதே நேர்கோட்டுல பின்னாடி போயி முதல்ல எடம் கெடைக்கிற எடத்துல நில்லுங்க, இதுக்கும் தண்டம் இல்ல. குளவிக்கூடோ பாம்போ இருந்தாலும் அப்படித்தான். ஆனா மண்ணுல வேர்விட்டு நிக்கிற அடிக்கட்டை கோர்ஸோட பாகம், அதை நகத்தக்கூடாது, அது மறிச்சு கால் வைக்க வழியே இல்லைன்னா அதே நேர்கோட்டுல அந்தக் கட்டைக்கு ஒட்டிப் பின்னால நின்னு எறியலாம், தண்டம் இல்ல. அடுக்குக் கட்டை மேல டிஸ்க் ஒக்காந்திருந்தா அந்த அடுக்குக்குப் பின்னால இருந்து எறியணும், மேல ஏறி நின்னு இல்ல. டிஸ்க் காணோம்னா 3 நிமிஷம் தேடலாம், அப்புறம் தொலைஞ்ச கணக்கு, ஒரு எறி கூடும்.

படி 8: கோர்ஸை மாத்திக்கட்டுறது

ரெண்டு மூணு தடவை ஆடிப்பாத்துட்டு அப்புறம் பாஸ்கெட்டை நகத்துங்க, அவசரப்படவேணாம். வெட்டவெளியான ஹோல்ல பாஸ்கெட்டை மிச்சமிருக்குற தென்னை ரெண்டுக்கு நடுவுல தள்ளுனாலே பழைய சுவாரஸ்யம் பாதி வந்துரும். தனியா நிக்கிற தேக்கையோ பூவரசையோ மேண்டோவாக்கி, அதுக்கு எடது பக்கமாத்தான் போகணும்னு அம்புக்குறி போட்டுறலாம். வரப்பைத் தாண்டுனா ஓபி, அதாவது எல்லைக்கு வெளியன்னு எழுதி வச்சுருங்க, ஒரு எறி தண்டம்னா பசங்க தானா அடக்கி எறிவாங்க, வயல்காரரோட ஒறவும் கெடாது. தோப்புக்காரர் புதுசா தென்னம்பிள்ளை வச்சிருந்தா அதைச் சுத்தி கயிறு கட்டி, உள்ள விழுந்தா தண்டமில்லாம வெளிய எடுத்துவச்சு ஆடணும்னு வச்சுக்கோங்க. செத்த தென்னங்கட்டை கெடந்தா கோர்ஸுக்கு அழகா இருக்குன்னு விட்டுறாதீங்க, மக்குன கட்டையிலதான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், நல்ல மரத்தையும் சேத்து காலி பண்ணும், அவரு சொல்றதுக்கு முன்னாடி நீங்களே இழுத்துப் போட்டுக் குடுங்க.

கடைசியா பார், அதாவது ஒரு ஹோலை இத்தனை எறியில முடிக்கணும்னு வச்சிருக்குற கணக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி பார் 4ன்னு இருந்த நீள ஹோலை உடனே 3ன்னு மாத்தாதீங்க. ஒரு ஆடியும் ஒரு கார்த்திகையும் ஆடிப்பாத்துட்டு மாத்துங்க, அதுவரைக்கும் போர்டுல பெயிண்ட் வேணாம், சாக்பீஸ் போதும்.