சீமைச்சுண்ணாம்பு அடுக்குகளை வேதியியலால் அடையாளம் காண்பது

தென்கிழக்கு இங்கிலாந்தின் சீமைச்சுண்ணாம்பு பெரும்பாலும் ஒரே வெள்ளைதான். இரண்டு ஆழ்துளைகளில் எந்த அடுக்கு எதற்குச் சமம் என்று கண் தடுமாறும் இடத்தில் கார்பன்-13 விகிதம், அதாவது கனமான கார்பனுக்கும் சாதாரண கார்பன்-12க்கும் உள்ள விகிதம், கைகொடுக்கும். கடல்நீரில் அந்த விகிதம் ஏறி இறங்கியது நுண்பாசிகளின் சுண்ணத் தகடுகளில் பதிந்திருக்கிறது.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வேலை. உருளையாக எடுத்த கோர் வேண்டும். துளையிடும்போது மேலே வரும் துகள்களில் மேலடுக்கு சரிந்து கலந்திருக்கும். 1 மீட்டருக்கு ஒன்று போதும். பிளீனஸ் மார்ல் எனும் களிமண் கலந்த அடுக்கை ஒட்டி மட்டும் 10 செ.மீ.க்கு ஒன்று எடுங்கள். துளைச்சேறு ஊறிய வெளிப்புறத்தைச் சுரண்டித் தள்ளுங்கள். சக்கிமுக்கிக் கல், சிப்பித்துண்டு, துருக்கறை எதுவும் சேரக்கூடாது. கோர் எங்கே தொலைந்தது என்பதை அங்கேயே எழுதுங்கள். 30 செ.மீ. விட்டுப்போனால், பிறகு ஆழத்துக்கு எதிராக கார்பன் விகிதத்தை வரையும் வளைவு அந்த அளவுக்கு நகர்ந்து நிற்கும்.

40 டிகிரியில் உலர்த்தி, அகேட் எனும் கடினக் கல் உரலில் மாவாக அரையுங்கள். ஐசோடோப்பு விகிதத்தை அளக்கும் நிறை நிறமாலைமானிக்கு 0.2 முதல் 0.3 மி.கி. போதும். பாஸ்பாரிக் அமிலத்தை 70 டிகிரியில் சேருங்கள். அமிலத்தில் ஈரம் இருந்தால், கூடவே அளக்கும் ஆக்சிஜன் ஐசோடோப்பு அளவு கெடும். இடையிடையே சர்வதேச அணுசக்தி முகமையின் ஐ.ஏ.இ.ஏ-603 தரக்கல்லை (மதிப்பு தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) ஓட்டுங்கள். அதன் கார்பன் மதிப்பு ஆயிரத்துக்கு +2.46. ஒரே மாதிரியை இருமுறை அளந்ததில் ஆயிரத்துக்கு 0.1-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி ஓட்டுங்கள்.

துளைகளை ஒப்பிட முதல் நங்கூரம் செனோமேனியன், டூரோனியன் எனும் இரு கிரெட்டேசியஸ் காலப்பிரிவுகளின் எல்லை. சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆயிரத்துக்கு ஏறத்தாழ 2 அளவு ஏறும் வளைவின் மேடு அது. அடுத்தது மேல் டூரோனியனின் ஹிட்ச் வுட் உச்சி. இடைப்பட்ட பகுதியில் எண்ணைப் பார்க்காதீர்கள், வளைவின் வடிவத்தைப் பாருங்கள். ஒரே அடுக்கு இரண்டு துளைகளில் சற்று வேறு மதிப்பு காட்டுவது இயல்பு. வளைவு படிக்கட்டுபோல் சட்டென்று குதித்தால், அங்கே படிவு விடுபட்டிருக்கலாம் அல்லது பிளவு ஓடலாம். கெட்டிப்பட்ட கடற்தரையில் பின்னால் படிந்த கால்சைட் கார்பன், ஆக்சிஜன் இரண்டையும் சேர்த்து இறக்கியிருந்தால் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள்.

மார்ல் கீற்றுகளை அடையாளம் காண டைட்டானியம்–அலுமினியம் விகிதம் நல்லது. சுண்ணம் கரைந்து களி மட்டும் மிஞ்சினால் அலுமினியம் ஏறும், விகிதம் மாறாது. சிலிக்கனை நம்பாதீர்கள், சக்கிமுக்கி அதைக் குழப்பிவிடும். சதர்ஹாம் போன்ற எரிமலைச் சாம்பல் மார்ல்களுக்கு அரிய மண் தனிமங்களையும் அளந்துவிடுங்கள். அவற்றில் ஒன்றான யூரோப்பியம் மற்றவற்றைவிடக் குறைந்து பள்ளமாகத் தெரிந்தால், அது சாம்பல் என்பதற்கு நல்ல அடையாளம்.