தீயணைப்பு நிலையத்தில் டைவ் டேங்க்கை நிரப்பலாமா? செய்யக்கூடாத சில தவறுகள்

போன மாதம் என் கணவரின் சித்தப்பா மகன் ஒரு பழைய ஸ்கூபா டேங்க்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் மலிவாக வாங்கினானாம். மின்தூக்கியிலிருந்து எங்கள் வாசல் வரை தோளில் சுமந்து வந்ததிலேயே சட்டை நனைந்துவிட்டது. தண்ணீர் குடித்து முடித்ததும் கேட்டான்: “அண்ணி, எங்க பிளாக்குக்கு எதிர்லயே ஃபயர் ஸ்டேஷன் இருக்கு. அவங்களும் முதுகுல டேங்க் மாட்டிக்கிட்டுத்தானே நெருப்புக்குள்ள போறாங்க? அங்கேயே காத்து அடிச்சுக்கலாமா?”

டைவிங் கற்றுக்கொண்ட புதிதில் பலருக்கும் வரும் கேள்விதான் இது. அமெரிக்காவில் டைவ் கடையே இல்லாத சிற்றூர்களில், தன்னார்வலர்கள் நடத்தும் தீயணைப்பு நிலையங்கள் தெரிந்தவர்களுக்கு டேங்க் நிரப்பிக் கொடுத்த வழக்கம் உண்டு. அதை எங்கேயோ படித்துவிட்டு இங்கேயும் கேட்கிறார்கள். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் நிலையங்கள் அந்த வேலைக்கானவை அல்ல. அமெரிக்காவிலும் இப்போது பெரும்பாலான நிலையங்கள் மறுத்துவிடுகின்றன. ஏன் என்று தெரிந்துகொண்டால் டேங்க்கைப் பற்றிய பாதி விஷயம் புரிந்துவிடும்.

முதலில் அழுத்தம். தீயணைப்பாளர் முதுகில் இருப்பது பெரும்பாலும் கார்பன் இழை சுற்றிய இலேசான சிலிண்டர், 300 பார் வரை நிரப்புவது. பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. டைவர்கள் அதிகம் பயன்படுத்தும் ‘அலுமினியம் 80’ டேங்க்குக்கு 207 பார்தான் எல்லை. நாளெல்லாம் 300 பாருக்கு நிரப்பிப் பழகிய கை, ஒரு நொடி கவனம் தவறினால் நம் டேங்க்கை எல்லை தாண்டி அழுத்திவிடும். அமெரிக்க வகை வால்வுகளில் அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து காற்றை வெளியே விடும் சிறு தகடு இருக்கும். ஐரோப்பிய வகை வால்வுகள் பலவற்றில் அதுவும் கிடையாது. சில இடங்களில் இரண்டு சிலிண்டருக்கும் வால்வு மரை ஒன்றுபோலவே இருக்கும். மரை பொருந்துகிறதே, அப்புறம் என்ன என்று நினைப்பது பெரிய தவறு.

அடுத்தது ஈரம். நம் டேங்க் கடலுக்குப் போய் வருவது. வால்வின் வாயில் நாலு சொட்டு உப்புநீர் தங்கியிருந்தால், நிரப்பும் குழாயை மாட்டியதும் அது அங்கே ஏறிக்கொள்ளும். அடுத்து அதே குழாயில் நிரப்பப்படும் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஒருவர் புகை மண்டிய வீட்டுக்குள் போக வேண்டும். இதைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. ஆர்வம் இருந்தால் சனிக்கிழமைக் காலையில் நிலையங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடும் நேரத்தில் போய், அந்த சுவாசக் கருவியை நேரில் பார்த்துவிட்டு வரட்டும். டேங்க்கை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இன்னொரு தவறு சொல்லில் தொடங்குகிறது. நம்மில் பலர் டைவ் டேங்க்கை ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்கிறோம், செய்திகளில்கூட அப்படித்தான் வருகிறது. அதில் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்று, சுமார் 21 விழுக்காடு ஆக்சிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். தூய ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டு இறங்கினால் 6 மீட்டருக்குக் கீழேயே வலிப்பு வரும் ஆபத்து தொடங்கிவிடும். நீருக்குள் வலிப்பு வந்தால், சுவாசிக்க வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர் நழுவும். ‘நைட்ராக்ஸ்’ என்று ஆக்சிஜனைச் சற்றுக் கூட்டி நிரப்புவது உண்டு. 32 விழுக்காட்டுக் கலவையோடு ஏறக்குறைய 33 மீட்டர்தான் எல்லை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், நிரப்பிய டேங்க்கை டைவர் தானே அளந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். டேங்க்கில் ஒட்டியிருக்கும் பச்சை மஞ்சள் பட்டையை நம்பி அளக்காமல் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது என்ன என்பதைப் பட்டை சொல்லாது, கருவிதான் சொல்லும்.

சரி, சாதாரணக் காற்றுதானே, எங்கே அடித்தால் என்ன? இந்த எண்ணம்தான் எனக்கு மிகவும் பயம். சில வருடங்களுக்கு முன் மலேசியப் பக்கத்துத் தீவு ஒன்றில் 24 மீட்டரில் ஒரு டைவ். இறங்கி இருபது நிமிடத்தில் நெற்றியின் இரு பக்கமும் யாரோ விரலால் அழுத்துவதுபோல ஒரு வலி. மேலே வந்தபின் குமட்டலும் சேர்ந்துகொண்டது. வெயில், சரியாகத் தூங்கவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மாலையில் என்னோடு இறங்கிய தோழி கம்ப்ரஸர் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் ஒரு மூங்கிலில் கட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து இரண்டு எட்டு தள்ளி டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய். அன்று காற்று நேராக அந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. என் தலைவலிக்கு அதுதான் காரணம் என்று எந்தப் பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அந்த இடத்தில் மறுநாள் நான் தண்ணீரில் இறங்கவில்லை.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 12021, பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது என்கிறது. இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் ஆழம். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, ஆகவே தரையில் 20 பங்காக இருப்பது அங்கே 80 பங்குபோல உடம்பில் வேலை செய்யும். மேலே ஏறும்போது நிலைமை சில சமயம் இன்னும் மோசமாகும், ஆக்சிஜனின் அழுத்தமும் குறைந்துகொண்டே வருவதால். டைவ் முடிந்து தலைவலி, குமட்டல், தடுமாற்றம் என்றால் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், 995ஐ அழைக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே உயர் அழுத்த அறையுடன் டைவிங் மருத்துவ மையம் இருக்கிறது.

அதனால் நிரப்பும் இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். காற்றை எங்கிருந்து உறிஞ்சுகிறீர்கள், வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், காற்றைச் சோதித்த சான்றிதழ் இருக்கிறதா? நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார், ஏட்டை எடுத்து நீட்டுவார். இறங்குமுன் வால்வை மெல்லத் திறந்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் நெடி, ரப்பர் கருகிய நெடி எது வந்தாலும் அந்த டேங்க் வேண்டாம். நெடி இல்லை என்பதால் மட்டும் காற்று சுத்தம் என்றும் ஆகிவிடாது, மோனாக்சைடுக்குக் கையடக்கக் கருவிதான் ஒரே வழி.

டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர், பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரஸர் இவற்றைப் பற்றிப் பேசவே தேவையில்லை. ஆனால் இப்போது இணையத்தில் அரை லிட்டர் குட்டி டேங்க்கையும் கைப்பம்பையும் சேர்த்து விற்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்த பெற்றோரையும் தெரியும். கணக்கைப் பாருங்கள்: அரை லிட்டர், 200 பார், மொத்தம் 100 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசித்தால் நீர் மட்டத்தில் ஐந்து நிமிடம், 10 மீட்டரில் இரண்டரை நிமிடம். காற்று தீர்ந்ததும் பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வார்கள். 10 மீட்டரில் நுரையீரலை நிறைத்த காற்று மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். நீச்சல் குள ஆழத்திலேயே நுரையீரல் கிழிந்திருக்கிறது. தயவு செய்து பயிற்சி இல்லாத கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

நிரப்பும்போது அவசரப்படுத்துவதும் தவறுதான். வெள்ளிக்கிழமை இரவு மலேசியாவின் மெர்சிங் பக்கம் பேருந்து ஏறும் அவசரத்தில் “சீக்கிரம் அடிச்சுக் கொடுங்க” என்போம். வேகமாக நிரப்பினால் டேங்க் சூடாகும். 55 டிகிரியில் 200 பார் காட்டிய டேங்க், 27 டிகிரிக்கு ஆறியதும் சுமார் 183 பார்தான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு, சூடு இறங்கியதுதான் காரணம். அதை ஈடுகட்ட “கொஞ்சம் கூட அடிங்க” என்று கேட்பது அதைவிட மோசம்.

நிரப்பிய டேங்க்கைக் காரில் நிற்க வைத்துக் கொண்டு போகாதீர்கள், குறுக்கே படுக்க வைத்து உருளாமல் அணை கொடுங்கள். கூரை இல்லாத கார் நிறுத்துமிடத்தில் மதியம் முழுவதும் பூட்டி வைப்பதும் கூடாது. வீட்டில் நீண்ட நாள் வைப்பதென்றால் சில பார் மட்டும் விட்டு வையுங்கள். முழுக்கக் காலியாகத் திறந்து விட்டால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே நுழைந்துவிடும். எஃகு டேங்க்கில் ஈரம் புகுந்தால் துரு பிடிக்கும், துருவோ உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்னும். நிறைந்த டேங்க், ஆனால் சுவாசித்தால் மயக்கம், அப்படியும் நடக்கும்.

இனி அந்தப் பழைய டேங்க். அவன் அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்கியிருந்தான். தோள்பட்டையில் அடித்திருக்கும் முத்திரையைப் படிக்கவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துப் பார்த்தோம். ‘3ஏஎல்3000’ என்றிருந்தது, அலுமினியம், சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு, அதாவது அந்த 207 பார். பக்கத்தில் முதல் சோதனைத் தேதி, 1986. அதற்குப் பிறகு ஒரே ஒரு சோதனை முத்திரை, அதுவும் தேய்ந்து போனது. வருடம் ஒருமுறை வால்வைக் கழற்றி உள்ளே விளக்கு விட்டுப் பார்க்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்பது டைவர்களிடையே உள்ள பொது நடைமுறை. 207 பார் டேங்க்கை அமெரிக்க முறைப்படி 345 பார் வரை அழுத்திச் சோதிப்பார்கள்.

அந்த வருடம்தான் என்னை உறுத்தியது. லக்ஸ்ஃபர் நிறுவனம் அமெரிக்காவில் 1988 வரை 6351 என்ற அலுமினியக் கலவையில் டேங்க் செய்தது. அந்தக் கலவையில் வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கித் தாங்கிக் கழுத்து மரைக்குள் மெல்லிய விரிசல் விழுவது பின்னர் தெரிய வந்தது. நிரப்பும்போது வெடித்த சம்பவங்களும் உண்டு. அதனால் அந்தக் காலத்து டேங்குகளுக்கு மின்காந்த முறையில் விரிசல் தேடும் தனிச் சோதனை வேண்டும். பல கடைகள் அவற்றைத் தொடுவதே இல்லை.

சோதனைக்கூடத்துக்கு நானும் கூடப் போனேன். உள்ளே மிச்சமிருந்த காற்றை மெல்ல வெளியேற்றிவிட்டு வால்வைக் கழற்றிக் கவிழ்த்தார் அங்கிருந்த பெரியவர். தாளில் வெள்ளைப் பொடியும் சின்னச் சின்ன மணலும் விழுந்தன. பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு, கழுத்தின் ஓரத்தை எங்களுக்கும் காட்டினார். மரையின் மேல் மூன்று சுற்றுகளைக் கடந்து தலைமுடிபோல ஒரு கோடு இறங்கியிருந்தது. இவன் எதுவும் பேசவில்லை. “இதை நிரப்பக் கொடுக்காமல் இங்கே கொண்டு வந்தீங்களே, அதுவே போதும்,” என்று சொல்லிவிட்டு, யாரும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி மரையைத் துளைத்துவிடச் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புலாவ் ஹந்து தீவுக்கு வாடகை டேங்க்கோடுதான் வந்தான். படகில் ஏறியதும் முத்திரையைத் தேடிப் படித்தான், வால்வை அரைச் சுற்றுத் திறந்து முகர்ந்தான், ரெகுலேட்டரை மாட்டிவிட்டு மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினான். 195 பார்.