அம்மாச்சி வழி தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

தாய்வழியைக் காட்டும் மரபணுச் சோதனை முடிவை எடுத்துக்கொண்டு "எனக்கு எம் வந்திருக்கு, ஜோதிமாணிக்கத்துல கண்டுபிடிச்சாங்கள்ல, அதேதான்" என்று யாராவது வந்தால் முதலில் உட்காரச் சொல்லுங்கள். மதுரைக்காரர்கள் அதிகம் விழும் குழி இதுதான். காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு அந்த ஊரில் கண்டது எம்130. அது ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மாற்றம், அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் இருக்கும் சிறு உறுப்பு, அதன் மரபணு அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். உங்கள் முடிவில் இருக்கும் எம் அதில் ஒரு தாய்வழிக் கிளை. எழுத்து ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அதோடு, இந்தியாவில் பாதிப் பேருக்கு மேல் இந்த எம்தான்.

அடுத்தது, பங்காளிகளோடு ஒப்பிடுவது. நமக்கு வம்சம் என்றாலே குலதெய்வம், அது அப்பா வழி. மைட்டோகாண்ட்ரியாவோ நீங்கள், அம்மா, அம்மாச்சி, அவருடைய அம்மா என்று தலைமுறைக்கு ஒரு வீடு மாறி, பல நேரம் ஊரும் மாறிப் போகிறது. ஒரே சாமிக்குப் பொங்கல் வைக்கும் இருபது பங்காளிகளைச் சோதித்தால் ஆளுக்கொரு கிளை வரலாம், ஏனென்றால் அவர்களுடைய அம்மாக்கள் வேறு வேறு வீட்டிலிருந்து வந்தவர்கள்.

யார் எச்சில் கொடுப்பது என்பதிலும் காசு வீணாகிறது. அப்பத்தா வழி தெரிய வேண்டுமென்றால் பேரன் கொடுத்துப் பயனில்லை, அப்பாவோ அத்தையோ கொடுக்க வேண்டும். அம்மா இல்லையென்றால் நீங்களே போதும், தாய்மாமனும் சித்தியும்கூட ஆகும். மாமன் பிள்ளைகள் கொடுத்தால் வருவது மாமியின் வழி (மாமன் தன் அக்கா மகளையே கட்டியிருந்தால் மட்டும் சுற்றிவந்து உங்கள் வழிதான், நம் பக்கம் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்).

எங்கள் வீட்டில் முதல் குழாயே பாழ். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று அட்டையில் போட்டிருந்தது. வெற்றிலை எப்போது சாப்பாட்டில் சேர்ந்தது என்பது அம்மாச்சியின் வாதம். குழாயில் செக்கச்செவேலென்று நின்றது. சோதிக்க முடியவில்லை என்று பதில் வந்தது, அப்புறம் மறுபடி ஒரு குழாய்.

முடிவில் வெறும் "எம்" என்று மட்டும் இருந்தால், எந்த ஊர் என்று கேட்டதற்குத் தமிழ்நாடு என்று சொன்ன மாதிரி. மைட்டோகாண்ட்ரியாவில் 16,569 மரபணு எழுத்துகள். மலிவான சோதனைகள் அங்கங்கே சிலவற்றைத்தான் பார்க்கும். எம்2 போன்ற உட்கிளை, அதற்கும் உள்ளே எது என்று தெளிவாகத் தெரிய முழுவதையும் வாசிக்க வேண்டும். கூடவே வரும் மாற்றங்களின் பட்டியலைப் பார்த்து நோய் என்று பயப்படாதீர்கள். 1981இல் கேம்பிரிட்ஜில் வாசித்த ஒரு ஐரோப்பியரின் வரிசையோடு ஒப்பிட்டு எடுத்த வித்தியாசங்கள் அவை, நமக்குப் பட்டியல் நீளத்தான் செய்யும்.

கீழடிக்கு முடிச்சுப் போடுவதையும் விட்டுவிடலாம். கீழடி சுமார் 2,600 ஆண்டு, எம் பிரிந்ததோ பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. சாதி தெரியுமா என்றும் சிலர் மெதுவாகக் கேட்கிறார்கள். தெரியாது. ஒரே கிளை பல சாதிகளில் இருக்கிறது, ஒரே தெருவில் ஒரே சாதிக்காரர்களிடம் நாலு கிளையும் இருக்கும்.